ஓடுபாதை அவர்களுடையது

என்னங்க,

இன்று காலை தறிக்குப் பாவு போடுகிறவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "தம்பி கல்யாணம் வருதுங்க. மிலிட்டரி கேண்டீன்ல சொல்லி ரெண்டு ரம்மு வாங்கித் தர முடியுமா?" நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. எத்தனை சொல்லியும் இந்த ஆரணி உங்களைப் பட்டாளத்திலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை. என்ன பேஜாருங்க இது!

நீங்களும் லேசுப்பட்டவரா? புனாவிலிருந்து லீவில் வந்தால், யார் என்ன கேட்டாலும் நீங்கள் வேலை பார்த்த அந்த விமான நிலையத்தின் சரித்திரம்தான். வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்ட இடம். அவன் போனபின் நம் விமானப்படைக்கு வந்தது. அப்புறம் ஓர் ஓரமாக ஜனங்கள் போகிற விமானத்துக்கும் இடம் விட்டார்கள். "ஓடுபாதை அவங்களுது, கொட்டாய் நம்மளுது" என்று நீங்கள் ஆரம்பித்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் மேஸ்திரிக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று எரியும்.

வந்தவாசியிலிருந்து நம் பெண்ணைப் பார்க்க வந்த அன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தரகர் நம்மைக் கேட்காமலே, பெண்ணின் அப்பா ஏர்ஃபோர்ஸ் என்று சொல்லிவைத்திருந்தார். பையனின் அப்பா ஆசையாகக் கேட்டார்: "கல்யாணத்துக்கு யூனிஃபார்ம்ல வருவீங்களா சம்பந்தி?" வேண்டாம் வேண்டாம் என்று உள்ளிருந்து நான் ஜாடை காட்டுகிறேன். நீங்களோ தாம்பாளத்து வெற்றிலையை எடுத்து நீளமாக அடுக்கினீர்கள்.

"இதுதாங்க ஓடுபாதை. அந்தாண்ட அவங்க, இந்தாண்ட நாங்க. போர் விமானம் கிளம்புதுன்னா எங்க விமானம் நின்னுகினு இருக்கணும். நான் பெட்டி ஏத்தறவன்."

கொட்டைப்பாக்கு ஒன்றைப் போர் விமானமாக்கி ஓட்டியும் காட்டினீர்கள். வந்தவர்கள் காப்பியைக் கூட முடிக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை. நம் பெண்ணுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

"பட்டாளம்னு நீங்க சொல்ல வேணாம். இல்லன்னு சொல்லாம இருந்தா என்ன?" என்று கத்தினேன்.

"கல்யாணத்தன்னைக்கு எந்தச் சட்டையைப் போட்டுகினு வந்து நிப்பேன்?" என்றீர்கள்.

நீங்கள் ரயிலேறும்வரை நான் உங்களோடு பேசவில்லை. பின்னால் அவளுக்குப் பெரணமல்லூரில் நல்ல இடமாகவே அமைந்தது. என் கோபம் மட்டும் ஆறவில்லை.

உங்களைப் பாடையில் கிடத்திய அன்று தெருவே கூடி நின்றது. எல்லாம் முடிந்தும் யாரும் தூக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் ஒருவர் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "கொடி போத்தற ஆளுங்க எப்பம்மா வருவாங்க? துப்பாக்கி எல்லாம் சுடுவாங்களாமே?"

நான் பேசாமல் அழுதுகொண்டிருந்தால் போதும். வருகிற வழியில் பட்டாளத்து வண்டி நின்றுவிட்டது என்று யாராவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். உங்களுக்கும் அந்த மரியாதை நிலைத்திருக்கும். ஆனால் உங்களோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியதில் உங்கள் பாழாய்ப்போன வாய் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதே, நான் என்ன செய்ய? எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"யாரும் வரமாட்டாங்க. அவரு பட்டாளம் இல்லீங்க. ஏரோப்ளேன்ல பெட்டி ஏத்தினவரு. தூக்குங்க."