அண்ணன் பெயரில் ஒரு கோப்பை

என் அந்தோணி அண்ணா,

நேற்றோடு நீ போய் ஓராண்டு. காலையில் அம்மா உனக்காகப் பூசை வைத்தாள். மாலையில் உன் பெயரில் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். அதிகம் தலையால் முட்டுகிறவனுக்கு ஒரு தனிப் பரிசு. அதற்குப் பெயர் 'இரும்புத்தலை'. உன் பட்டப்பெயர்.

கொட்டச்சேட்டிலிருந்து போய்ப் பத்து வருடம் சென்னையில் சம்பளத்துக்கு ஆடினாய். தடுப்பாட்டக்காரன். உயரமாக வரும் பந்தெல்லாம் உன் தலைக்குத்தான். இரண்டு முறை மண்டை மோதி மயங்கினாய். தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை முகரவைத்து, மறுபடி இறக்கினார்கள். கிளப் உன் முழங்காலுக்கு டாக்டர் வைத்திருந்தது. தலையை யாரும் பார்க்கவில்லை. முப்பத்துமூன்று வயதில் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஒரு போன்கூட வரவில்லை.

ஊருக்கு வந்தபிறகு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நம் பஸ் எதென்று தெரியாமல் நின்றாய். தள்ளாடினாய். திடீரென்று கை ஓங்கினாய். குடி என்றது ஊர். நாங்களும் நம்பினோம். கோயிலுக்குப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போய், இனிக் குடிக்கமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னோம்.

ஒரு சொட்டும் தொடாத நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "குடிச்சிருப்பனோ என்னமோ, எனக்கு ஞாபகமில்லடா."

சொல்லிவிட்டுச் சத்தியமும் செய்தாய். உன் வாயை மோந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

பிறகுதானே சேலத்து டாக்டர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்னார்: "மூளை சுருங்கியிருக்குதுங்க. பந்துதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வருஷக்கணக்கா தலையில அடி வாங்குனவங்களுக்கு இப்படி வருதுங்க."

போன வாரம் அந்த ஸ்கேனோடு கோப்பையை நடத்தும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சவரிமுத்து மாமாவிடம் போனேன். பரிசை எடுங்கள், தலையில் அடிபட்டவனை அன்றைக்கு மறுபடி ஆடவிடாதீர்கள் என்றேன்.

"ஏஞ் சாமி, பந்த முட்டுனா செத்தா போயிருவாங்க? அப்பறம் கேரம்போர்டுதான் ஆடோணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எங்கண்ணன் செத்துட்டான், மாமா."

"அது குடிச்சுங் கண்ணு."

ஸ்கேன் உறையை அவர் பிரிக்கக்கூட இல்லை.

நேற்று இரண்டாம் பாதியில் மாரமங்கலத்துத் தடுப்பாட்டக்காரன் ஸ்டீபன் பந்துக்கு எம்பி, எதிராளி மண்டையில் மோதி விழுந்தான். "தண்ணி ஊத்துங்கடா, எந்திரிச்சிருவான்!" என்று கத்தினார்கள். எழுந்தும் நின்றான். எலுமிச்சம்பழம் வந்தது. நான் உள்ளே ஓடினேன். மாமா என்னைத் தடுக்கப் பின்னாலேயே வந்தார்.

"ஸ்டீபா, இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளிங்க." நேற்று புதன்.

"யார்கூட ஆடறீங்க?"

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். உன் கண் அப்படித்தான் இருந்தது, பைபிள்மேல் கை வைத்தபோது.

மாமா அதைப் பார்த்துவிட்டார். அவனைத் தன் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நன்றாக இருக்கிறானாம். ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்று யார் சொல்வது? இரும்புத்தலைப் பரிசு யாருக்கும் கொடுக்கப்படாமல் மேசையிலேயே நின்றது.

இன்று காலை மாமா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். "அந்த ஸ்கேனைக் கொஞ்சம் காட்டு, கண்ணு" என்றார்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், நீ சத்தியம் செய்த அதே இடத்தில் நிற்பேன். என் அண்ணன் குடித்ததே இல்லை என்று அதே பைபிள்மேல் கை வைத்துச் சொல்வேன். உன் சத்தியத்தை நீ மறந்துவிடு, அண்ணா. இனி அது என்னுடையது.

உன் வாயை மோந்து பார்க்காத தம்பி,
ஆரோக்கியம்