வம்ச மரமும் தலைக்கோனா அருவியும்

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு,

சுண்ணாம்புக்குளத்திலிருந்து நைனா எழுதுகிறேன். நான், அம்மா, உன் தங்கை சுதா மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத்தான் சொன்னேன், மனசைச் சொல்லவில்லை. ஒரு மாதமாக நீ போன் செய்யும்போதெல்லாம் டூர் எப்படி இருந்தது, தாத்தா ஊரில் யாரைப் பார்த்தீர்கள், பேரெல்லாம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்கிறாய், நாங்களும் நன்றாக இருந்தது நன்றாக இருந்தது என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறோம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், சுதா அடுத்த அறையில் இருக்கிறாள், நான் எதைச் சொல்வது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன கோடையில் நீ கூட்டாளிகளோடு கார் எடுத்துக்கொண்டு பனிமலைப் பூங்காவுக்குப் போய் கரடியைப் படம் பிடித்தாய், சந்தோஷம். அங்கே எவனோ தன் வம்சத்தையே கம்ப்யூட்டரில் மரமாக வரைந்து காட்டினான் என்றால் உனக்கும் அது வேண்டுமா? நாங்கள் பாட்டுக்கு ஏரிக்குப் போய் வலை இழுத்துக்கொண்டு சும்மாதானே இருந்தோம். என் தாத்தா திருவேங்கடம் ஆந்திராப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தோணியில் வந்தவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாமலேயே அறுபது வருஷம் ஓட்டிவிட்டேன். முதல் நாள் தாத்தா ஊர், மறுநாள் தலைக்கோனா காடும் அருவியும், தேசியப் பூங்காவை நீங்களும் பாருங்கள் என்று நீயே திட்டம் போட்டு, நீயே அறையும் போட்டுவிட்டாய். நம் மாப்பிள்ளை இளவழகன் வேறு, வெளியாளை ஏன் கூப்பிடுகிறீர்கள் மாமா, என் வேனிலேயே நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். சுதாவோடு நிச்சயம் முடிந்த பையன், ஆசையாகக் கேட்கிறான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. போகும்போது சுதா முன் சீட்டில் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே வந்தாள், உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நன்றாக இருந்தது என்று நான் போனில் சொன்னதெல்லாம் ஆந்திரா எல்லையில் தடா ஊரைத் தாண்டும் வரைக்கும்தான்.

குப்பத்தில் திருவேங்கடம் பேரைச் சொன்னதும் காசியம்மாள் என்று என் வயசுக்காரி ஒருத்தி ஓடி வந்தாள். எனக்குத் தங்கை முறையாம். வருஷா வருஷம் குலசாமிக்குப் படையல் போடும்போது ஊரை விட்டுப் போன வீட்டுக்காரர்களுக்கும் பேர் சொல்லி ஒரு இலை போடுவது அவர்கள் வழக்கம். எனக்காக இத்தனை வருஷம் இலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்படியே சாமியைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாள். தோணி தள்ளும் கோலை நட்டு, மஞ்சள் பூசி, பக்கத்தில் மடவை மீனைச் சுட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் கையெடுத்துக் கும்பிடும்போது நம் இளவழகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா, 'இன்னா மாமா, இது எங்க வூட்டு சாமியாச்சே, எங்க கொள்ளுத்தாத்தா புடிமண்ணு எடுத்தாந்து பின்கட்டுல இதே மாரி கோல் நட்டு வச்சிருக்காரு'ன்னு சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். காசியம்மாள் அவன் கொள்ளுத்தாத்தா பேரைக் கேட்டாள். அவன் சொன்னான். என் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், வலைத் தகராறில் அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்டு தனித் தோணியில் இளவழகன் ஊரான கோட்டைக்குப்பத்துக்குப் போனாராம், அவர்தான் இவன் கொள்ளுத்தாத்தாவாம். அவருக்கும் ஒரு இலை போடுகிறார்களாம். காசியம்மாள் சுதா கையையும் அவன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, 'அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணா வந்துக்கிறீங்களே'ன்னு கன்னத்தைத் தடவினாள். சுதா கையை உருவிக்கொண்டாள்.

சம்பந்தம் பேசும்போது குலசாமி எது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், எங்களுக்குத் தெரியாது, ஊர் அம்மன்தான் என்றேன். வீடு பார்க்கப் போனவன் பின்கட்டையும் எட்டிப் பார்த்திருக்கலாம், வாசலில் காப்பி குடித்துவிட்டு வந்தது என் முட்டாள்தனம். ஆனால் நீ கிளறியிருக்காவிட்டால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? அறை போட்டாயிற்று என்று மறுநாள் தலைக்கோனாவுக்கும் போய்த் தொலைத்தோம். சுதா கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். வாய்க்கு வாய் மாமா என்றவன் மாமா என்று கூப்பிட முடியாமல், பெரியப்பா என்று கூப்பிட மனசும் இல்லாமல், 'கண்ணாடிய ஏத்திக்கங்க'ன்னு மொட்டையாகப் பேசினான். உன் அம்மா அருவியில் ஒரு மணி நேரம் நின்றாள், அழுவது தெரியாமலிருக்க அதுதான் வசதியான இடம். நீ கேட்டாயே என்று போட்டோ அனுப்பினோம், ஏன் எல்லோரும் தள்ளித் தள்ளி நிற்கிறீர்கள் என்று நீ சிரித்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனையே அருவியில் வீசியிருப்பேன்.

கல்யாணம் நிற்கவில்லை, பயப்படாதே. இவனில்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சுதா சொல்லிவிட்டாள், அவனும் அதையே சொன்னான். பங்காளி வீட்டில் பெண் கொடுத்தார்கள் என்று ஊர் பேசும் என்பதால் பெரியவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். கார்த்திகையில் உன் தாய்மாமா வீரராகவன் சுதாவைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வார். அப்புறம் அவள் அவர் வீட்டுப் பெண், இளவழகன் வீட்டுக்குப் பங்காளி இல்லை. பத்திரிகையில் அவர் பேர்தான் போடுவார்கள், தை மாதம் தாரை வார்க்க அவரும் அத்தையும்தான் உட்காருவார்கள். நானும் உன் அம்மாவும் கூட்டத்தோடு உட்கார்ந்து அட்சதை போட வேண்டும். பெற்ற பெண்ணுக்கு நான் இனிமேல் அத்தை புருஷன். வீரராகவன் தங்கமான மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஒரு நாள் கூத்துதானே மச்சான்'னு சொன்னார். அவருக்கு என்ன, உட்காரப்போவது அவர். அவள் பிறந்ததிலிருந்து அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சரி, அவள் நன்றாக இருந்தால் போதும் என்றுதான் தலையாட்டினேன். ஆனால் வயிறு எரிகிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

நீ தைக்குப் பத்து நாள் முன்னாடியே வந்துவிடு. பெண்ணின் அண்ணன் வேலை எதுவும் உனக்கு இருக்காது, சும்மா என் பக்கத்தில் உட்கார். குளிருக்குக் காது மூடாமல் வெளியே போகாதே. தீர்க்காயுசாக, சீரும் சிறப்புமாக இரு.

ஒன்று மறந்துவிடாதே. அந்த மரத்தை வெட்டிப் போடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. பத்திரிகையில், பந்தலில், ஊர் வாயில் அவள் வீரராகவன் மகளாகவே இருக்கட்டும். உன் மரத்தில் மட்டும் சுதாவை என் பேருக்குக் கீழே எழுது, யார் என்ன சொன்னாலும் அங்கிருந்து நகர்த்தாதே. இளவழகனை எங்கே போடுவது என்பது உன் தலைவலி.

இப்படிக்கு,
உன் நைனா,
உலகநாதன்