முயலும் முட்டையும் ஓர் ஊசியும்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் குட்டிப் பெண் பட்டாசு இன்று நடந்தாள்! சோபாவிலிருந்து டிவி மேசை வரைக்கும், யார் கையையும் பிடிக்காமல். பாதி வழியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கை தட்டச் சொல்கிறாளாம். தட்டினோம். அந்தச் சத்தத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

இவர் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கக் கிளம்பி நின்றவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வந்துட்டே இருக்கேங்க, உங்க தெரு முனைலதான் நிக்கிறேன்" என்று எங்கள் வீட்டுத் தரையில் மண்டி போட்டபடி பொய் சொன்னார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலி.

அடுத்த வாரம் அவளுக்கு ஒரு வயது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி போட வேண்டும். பின்தெருவில் மூன்று பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்ததிலிருந்து குழந்தைகள் காப்பகத்து அக்கா கறாராகிவிட்டார். "ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வா." நாத்தனாருக்கு லீவு முடிந்தால் பட்டாசைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊசி போட்டால் காப்பகம், காப்பகம் போனால் எனக்கு முழுநேர வேலை. இவ்வளவுதான் என் திட்டம். என்ன அழகான திட்டம்!

மார்ச் 5, புதன்

திட்டத்தில் மண்.

நாத்தனார் போனை நீட்டினாள். "அண்ணி, இந்தத் தடுப்பூசிய கோழி முட்டைலதான் தயார் பண்றாங்களாம்!"

போனைப் பிடுங்கி இரண்டு முறை படித்தேன். ஜனவரியில் நடந்ததை நான் இங்கே எழுதவே இல்லை. பயத்தில் எழுத வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

கேக் கடையில் எனக்கு அலங்கார வேலை. கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பூ, பறவை, முயல் எல்லாம் என் கைவண்ணம். என் முயல் கொஞ்சம் பிரபலம். முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரை பொங்க அடித்துச் சுடுவேன். அன்று பட்டாசு என்னோடு கடையில் இருந்தாள். நான் திரும்பி வருவதற்குள் ஒரு முயலின் காது அவள் வாய்க்குள் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது, மூச்சில் ஒரு விசில். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "என்ன சாப்ட்டா?" என்றார்கள். "முட்டை! முட்டை வெள்ளை!" என்று கத்தினேன். உடனே ஊசி போட்டார்கள், பிழைத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏற முட்டைக்குத் தடை. இப்போது ஊசிக்குள்ளேயே முட்டை என்றால் நான் எங்கே போவேன்? ஊசி போட்டால் அந்த விசில். போடாவிட்டால் பின்தெரு.

மார்ச் 6, வியாழன்

ஆஹா! ஆஹா! ஆஹா!

குழந்தை டாக்டரம்மாவிடம் போனேன். நாத்தனாரின் போனையே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை, முழுதாகப் படித்தார்.

"இதுல பாதி நிஜம்மா. கோழிக் கருவோட செல்லுல வைரஸ வளக்குறாங்க. ஆனா கடைசில பாட்டில்ல வர்றப்போ முட்டைப் புரதம் இருக்குதுன்னு சொல்லக்கூட முடியாத அளவுக்குத்தான் மிஞ்சும். முட்டை ஒத்துக்காத பிள்ளைங்களுக்கும் இத தாராளமா போடுறோம். மஞ்சள் காய்ச்சல் ஊசின்னா வேற கதை, அதுக்கு யோசிக்கணும். இது அது இல்ல."

"நிஜமாவா டாக்டர்?"

"அடுத்த புதன்கிழமை கூட்டிட்டு வாங்க."

தலைகால் புரியவில்லை எனக்கு. வரும் வழியில் முன்பின் தெரியாத ஒரு பஸ் கண்டக்டரிடம் "முட்டை பிரச்சினையே இல்லையாம்" என்று சொன்னேன். "சந்தோஷம்மா, டிக்கெட் எடுங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வீட்டில் திருட்டு பிடிபட்டது. திருடி நாத்தனார். திருடியிடமிருந்து திருடியது பட்டாசு.

தடையை மீறி நாத்தனார் அலமாரிக்குள் ஸ்பாஞ்ச் கேக் பதுக்கி வைத்திருக்கிறாள்! எங்கள் கடை கேக்தான், எனக்கே தெரியாமல் வாங்கியிருக்கிறாள். பட்டாசு நடை பழகும் சாக்கில் அலமாரிக்குப் போய் ஒரு துண்டை அமுக்கிவிட்டாள். நான் பார்த்தபோது வாயைச் சுற்றிலும் தூள்.

இவர் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். நாத்தனார் அழுதாள். "அண்ணி, சத்தியமா அவளுக்குக் குடுக்கல, அவளே எடுத்துட்டா." மூன்று பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து உதட்டையே பார்த்தோம். அந்த உதடு எங்களைப் பார்த்து எச்சில் குமிழி விட்டது. பொழுது சாய்ந்தது. தடிப்பு இல்லை, விசில் இல்லை. இன்னொரு துண்டு வேண்டும் என்று அலமாரியைப் பார்த்துக் கை நீட்டினாள்.

எங்கள் ஸ்பாஞ்சில் முட்டைதான் பாதி! டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "சில பிள்ளைங்களுக்குத் தானா சரியாகும். புதன்கிழமை பேசலாம், அதுவரைக்கும் மறுபடி குடுத்துப் பாக்காதீங்க" என்றார். சரியாகிவிட்டது! முட்டை எங்களை மன்னித்துவிட்டது! இவர் பட்டாசைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். தட்டட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

பட்டாசுக்கு ஒரு வயது. கேக்குக்காரி மகளுக்குத் தர்பூசணியில் பூனை, வாழைப்பழத்தில் காது. காதைத்தான் முதலில் தின்றாள். இவளுக்கும் காதுகளுக்கும் என்ன பகையோ.

மார்ச் 12, புதன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் ஊர்வலம் மாதிரிதான் போனோம். போனதுமே இவர் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டார். கண்ணாடிக் கதவு, வெளியில் டிகிரி ஓடுகிறது. "ரெண்டுலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும். நாலுல நிக்குது பாரேன்! என்னா ஃப்ரிட்ஜ்டி இது!" நர்ஸ் அக்கா, "சார், அது மேல சாயாதீங்க" என்று விரட்டினார். இவர் விலகி நின்று அதையே ரசித்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இப்படிப் பார்க்கவில்லை.

நர்ஸ் அக்கா தட்டில் இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் பொடி, ஒன்றில் தண்ணீர். கலக்குவதற்கு முன்னால் கேள்விகள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"முன்னாடி எந்த ஊசிக்காவது ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"நியோமைசின் மருந்து, ஜெலட்டின், இதெல்லாம் ஒத்துக்குமா?"

நான் சிரித்தேன். "ஜெலட்டினா? ஜெல்லிய உறைய வெக்கிற பொடிதானே, எங்க கடைல டப்பா டப்பாவா இருக்கு. ஊசிக்குள்ள அது எதுக்கு?"

"மருந்து கெட்டுப்போகாம இருக்கத்தாம்மா. சில கம்பெனி சேப்பாங்க."

பாட்டில் மூடியைத் திறந்தார். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் கடை ஜெலட்டின் டப்பா கண் முன்னால் வந்தது. கடைசியாக அதை எப்போது திறந்தேன்? அந்த ஜனவரி ஆர்டருக்கு. முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பையனின் கேக். முதலாளியம்மா அன்று காலை சமையலறையையே கழுவிவிட்டு, "இன்னைக்கு உள்ள ஒரு முட்டை வரக்கூடாது" என்றார். முயலை நான் சர்க்கரைப் பாகிலும் ஜெலட்டினிலும் அடித்தேன். அதே அச்சு, அதே காது, அதே வெள்ளை. அந்த முயலைத்தான் இவள் தின்றாள். அதில் முட்டை எள்ளளவும் இல்லை!

"நிறுத்துங்க!"

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால், வெளியே வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. இவர் ஃப்ரிட்ஜை விட்டு ஓடி வந்தார். டாக்டரம்மாவும் ஓடி வந்தார். திக்கித் திணறிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கேக்கையும் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பவாவது சொன்னீங்களே. ஜெலட்டினா இருந்தா இந்த ஊசிய இப்படியே போடக்கூடாது. மொதல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். ஒவ்வாமை டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன்."

ரெண்டு மாசமா முட்டை முட்டைன்னு பாக்குறவங்ககிட்டெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! என் கையாலேயே செஞ்ச முயல், அதுல என்ன இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்லையே! முயல்னா முட்டைன்னு கை பழகிப்போச்சு, வாயும் அதையே சொல்லிடுச்சு. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா—

வேண்டாம். எழுத வேண்டாம். பக்கத்தில் பட்டாசு குறட்டை விடுகிறாள்.

மார்ச் 13, வியாழன்

பின்தெருவில் நாலாவது பிள்ளைக்கும் தட்டம்மை. இவளுக்கு இன்னும் ஊசி இல்லை. என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 18, செவ்வாய்

ஒவ்வாமை டாக்டர் வாட்டசாட்டமான மனிதர், குரல் மட்டும் பூனைக்குட்டி. பட்டாசின் முதுகில் பேனாவால் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் கீறினார். அவள் அழவில்லை. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். முட்டை வட்டம் சமர்த்தாக அப்படியே கிடந்தது. ஜெலட்டின் வட்டம் கொசுக்கடி போல் எழும்பிப் பெரிதாகி, சிவந்து நின்றது.

"நீங்க சொன்ன கதையும் இதுவும் ஒத்துப்போகுதுங்க. ஜெலட்டின்தான்."

அழுவேன் என்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. எதிரியின் முகத்தையாவது பார்த்துவிட்டேனே! "அப்ப ஊசி?" என்றேன்.

"எல்லாக் கம்பெனியும் ஜெலட்டின் சேக்கிறதில்லம்மா. சேக்காதது இருக்கு. டாக்டரம்மாகிட்ட வரவழைக்கச் சொல்றேன். அவங்க ஆஸ்பத்திரிலயே போட்டுட்டு, கொஞ்சம் கூடுதல் நேரம் பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் நிஜமாகவே கட்டிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

வீட்டில் முட்டை உள்ளே, ஜெலட்டின் வெளியே. இவர் கையில் கிடைத்த பொட்டலங்களை எல்லாம் திருப்பிப் படிக்கிறார். ஜெல்லி மிட்டாய், மாத்திரைக் கூடு, தயிர் டப்பா. மதியம் ஷூ பாலிஷைப் படித்துக்கொண்டிருந்தார். "அத யாருங்க திங்கப்போறா?" என்றேன். "உன் பொண்ண நம்ப முடியாது" என்றார். நியாயம்தான்.

மார்ச் 24, திங்கள்

மருந்து இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தினமும் போன். நர்ஸ் அக்கா என் குரலைக் கேட்டதுமே "வரலம்மா" என்கிறார், நான் யார் என்றுகூடக் கேட்பதில்லை.

மார்ச் 27, வியாழன்

வந்துவிட்டது! போட்டாகிவிட்டது!

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நர்ஸ் அக்காவும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தோம். ஏதேதோ சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், துளியூண்டு நியோமைசின். ஜெலட்டின் இல்லை. "இன்னொரு வாட்டி படிக்கலாமா சிஸ்டர்?" என்றேன். அவர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஊசி ஏறிய நொடியில் பட்டாசு தன் பெயரைக் காப்பாற்றினாள். கட்டடமே அதிர்ந்தது. பிறகு, அவசரத்துக்கு மருந்து தயாராக இருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். உதட்டைப் பார்த்தேன். முதுகைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சில் காது வைத்துக் கேட்டேன். அவள் என் காதைக் கடித்தாள். சுவரில் பல் துலக்கும் முதலைப் படம் ஒன்று. அதன் பற்களை எண்ணினேன். இவர் தூங்கிவிட்டார். பட்டாசு என் செருப்பை நக்கப் பார்த்தாள், பிடுங்கினேன், மறுபடி நக்கப் பார்த்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. இத்தனை சந்தோஷமாக எனக்கு எப்போதும் போரடித்ததில்லை.

ஏப்ரல் 5, சனி

காய்ச்சல்! கழுத்தில் நாலு சிவப்புப் புள்ளி! போனில் நான் வாய் திறப்பதற்குள் நர்ஸ் அக்கா: "ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல லேசா காய்ச்சல் வரும், புள்ளி வரும், ரெண்டு மூணு நாள்ல போயிடும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"வெளையாடுறாளா?"

"என் முடியப் பிடிச்சுத் தொங்குறா சிஸ்டர்."

"அப்ப போனை வைங்க. மூச்சு வாங்குனாலோ, சோர்ந்து கெடந்தாலோ உடனே கூப்பிடுங்க."

ஏப்ரல் 8, செவ்வாய்

காய்ச்சல் போயே போச்சு. சட்டி பானையெல்லாம் தரையில்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் காப்பகம். பை, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில். காப்பகத்து அக்காவிடம் ஜெலட்டின் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. அடுத்து, அவள் அழுதால் என்ன செய்வது, எப்படித் தூக்குவது, எந்தப் பாட்டுக்கு அடங்குவாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை முற்றினால் என்னைக் கூப்பிட வேண்டும் என்றேன். கடையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். ஒன்று இருமியது, ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. பட்டாசைக் கீழே இறக்கி விட்டேன். தத்தித் தத்தி நேராக அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, மூக்கொழுகியின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுதை.

"போய்ட்டு வாம்மா, வேலைக்கு நேரமாகலையா?" என்றார் அக்கா. அழுததெல்லாம் நான்தான். அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.