ஏழாம் நாள் வசனம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் தியுர்மா பணிவோடு எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் நம் பாத்தாக் இன வழக்கப்படிதான் கிறிஸ்துமஸ். சனிக்கிழமை மாலை, ஆளுக்கொரு வசனமாகப் படைப்பின் கதையை ஒப்பித்தோம். சபை மூப்பர் ஹோட்மான்தான் எங்கள் கங்காணி. ஞாயிறும் பழம் பொறுக்க விரட்டுகிற அந்தப் பெரிய மனிதர், பூமியை ஆளச் சொல்லும் வசனத்தைத் தனக்கே வைத்துக்கொண்டார். உலகத்தைப் படைத்ததே அவர்தான் என்பதுபோல ஒரு கனைப்பு வேறு.

கடைசி வசனம் எனக்கு. ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். உட்காராமல், "மூப்பரே, கடவுளே ஒரு நாள் லீவு போட்டாரு. அவரவிட உங்களுக்கு வேலை ஜாஸ்தியா?" என்றேன். சபையே சிரித்தது.

"வாய மூடிட்டு உக்காரு" என்று முனகினார்.

மறுநாள் ஞாயிறு விடியலில் கை வலிக்க மணியடித்தார், பழம் பொறுக்கும் எங்களில் ஒருத்தியும் எழவில்லை. வேலை போய்விடுமென்று பயப்படாதீர்கள். எங்களைத் துரத்திவிட்டு அவரா குனிந்து பொறுக்குவார்?

கொஞ்சம் அந்தாலிமான் மிளகு அனுப்புங்கள். கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன். வேலை இருந்தவரை பொழுது போனதே தெரியவில்லை அம்மா, ஓய்வு நாள் ரொம்ப நீளம். நீங்கள் போர்த்துகிற சால்வையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தியுர்மா