வாய்க்கால் இல்லை என்று எழுதியவள்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு மனு. ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள், என் எழுத்து அச்சு மாதிரி இருக்குமாம். இது நைனாவுக்கு, என் அப்பாவுக்கு. நைனா மனை புரோக்கர். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மேற்படி நிலத்தில் மூன்று வருடமாகப் பயிர் இல்லை. வாய்க்கால் இல்லை. வீட்டுமனையாக மாற்ற எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

"வாய்க்கா கீதே நைனா?"

"தண்ணி வந்தாத்தான் அது வாய்க்கா. எழுதுடி."

எழுதிவிட்டேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

பக்கத்து நிலத்துப் பாஞ்சாலி அத்தை அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்! ரோடு கேட்கிற மனு என்று நைனா சொன்னாராம். "உன் எழுத்தப் பாத்தேன், போட்டுட்டேன். நீ எழுதுனா தப்பா இருக்குமா பாப்பா?" என்று சிரிக்கிறாள்.

அவளுடைய ஒன்றேகால் ஏக்கருக்கு ஏரித் தண்ணீர் அந்த வாய்க்காலில்தான் போகிறது. பீரோ மேல் இருக்கும் மனை வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். வாய்க்கால் இருக்கிற இடத்தில் முப்பதடி ரோடு.

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

9 ஆகஸ்ட்

பயமா கீது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கேட்டேவிட்டேன். "அப்போ பாஞ்சாலி அத்த இன்னா பண்ணும்?"

"அவளும் வித்துட்டு ஜம்முனு இருக்கட்டும். நீ இன்னா பெரிய கலெக்டரா?"

அம்மா கரண்டியோடு நின்றாள். எவ்வளவு பெரிய பொய்! அதுவும் என் எழுத்தில்! தாளில் இல்லை என்று எழுதினால் தரையில் இருப்பது இல்லாமல் போய்விடுமா? யாரும் வந்து பார்க்கவே மாட்டார்களா?

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஆட்சேபணை சொல்ல நாளைதான் கடைசி. அறிவிப்பை ஊராட்சி ஆபீஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். யார் படிப்பது? சுவரா?

என் எழுத்து தெரியக் கூடாதென்று ஆட்சேபணையை இடது கையால் எழுதிப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருந்தது. இதை யார் மதிப்பார்கள்? வலது கையாலேயே எழுதினேன். வாய்க்கால் இருக்கிறது, கதிர் முற்றி நிற்கிறது, முதல் மனு பொய். பெயர் போடத் தைரியம் இல்லை.

20 ஆகஸ்ட்

பள்ளிக்கூடம் போகும்போது உத்திரமேரூரில் இறங்கி தாலுகா ஆபீஸ் மனுப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

4 செப்டம்பர், வியாழன்

இன்று ஊரில் விசாரணை. அம்மா வந்து சொன்னாள். ஆபீசர் இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒரே ஆள் எழுதினது. எது நிஜம்?" என்றாராம். எல்லாரும் நைனாவைப் பார்த்தார்களாம். பாஞ்சாலி அத்தைதான், "வாங்க சார், நடந்து போயி பாத்துட்டு வந்துடலாம்" என்றாளாம். ஆபீசர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினாராம்.

நைனா வீட்டுக்கு வந்ததும் என் பேனாவை எடுத்துத் தன் பாக்கெட்டில் செருகிக்கொண்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பென்சிலால் எழுதுகிறேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

மனை மாற்றத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

சாயங்காலம் பாஞ்சாலி அத்தை வெள்ளைத் தாளோடு வந்தாள். "வாய்க்கா தூர் வாரச் சொல்லி ஒண்ணு எழுது பாப்பா." பென்சில்தான் இருக்கிறது என்றேன். அவள் நைனா பக்கம் திரும்பி, "சேட்டு அண்ணே, பேனா குடு" என்றாள். நைனா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே நீட்டினார்.

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தாள். "படிச்சுக் காட்டு."

இதுவரை கேட்டதே இல்லை. முகம் சுட்டது. படிக்க ஆரம்பித்தேன்.

நைனா டிவி சத்தத்தைக் கூட்டினார். நானும் குரலைக் கூட்டினேன்.