மச்சானின் வயிற்றில் வைத்த ஜரிகை

அன்பு மச்சான் ஏகாம்பரம்,

நீ போய் மூன்று வருஷமாகிறது. அங்கேயும் பக்கத்து ஆளின் வேட்டியில் பிசிறு கண்டுபிடித்துக்கொண்டுதான் இருப்பாய். இங்கே உன் தங்கை சௌக்கியம். அவளைக் கட்டிக்கொண்ட நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மை இல்லை. சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. குடலைப் புற்றுக்கட்டி அடைத்தபோது, வழி திறந்திருக்க உனக்கு ஒரு கம்பிவலைக் குழாய் வைத்தார்களே, ஸ்டென்ட். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வயித்துல ஜரிகை வச்சிருக்கறாங்கபா, அசல்" என்று பெருமையடித்தாய். இப்போது புது மாதிரி ஒன்றை ஆராய்ச்சி செய்கிறார்களாம். கட்டி இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து புற்றுநோய் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுமாம். வேலை முடிந்ததும் தானே கரைந்துபோய்விடுமாம். வந்த காரியம் முடிந்ததும் கிளம்பிவிடுகிற விருந்தாளி. நம் சொந்தத்தில் அப்படி யாரையாவது பார்த்திருக்கிறோமா?

உனக்கு அது கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியவில்லை. நீ டாக்டரிடம் போனதே கடைசியில்தானே.

ஒரு வருஷம் ரத்தம் போனது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த மூலம் என்றாய். நம் தெருவில் பின்பக்கம் எது வந்தாலும் மூலம்தான், மருந்து துத்தி இலைதான். பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிபோடுகிற ஆள் நீ. உன் உடம்பில் அறுந்ததற்கு மட்டும் ஏன் நிறுத்தவில்லை?

"டாக்டரு பொம்பள மாப்ள. அவங்ககிட்ட போயி எப்படிக் காட்றது?" என்றாய். நான் சிரித்தேன். கையைப் பிடித்து இழுத்துப்போக வேண்டியவன், சிரித்தேன்.

இப்போது முழு உண்மை. இரண்டு மாதமாக எனக்கும் ரத்தம் போகிறது. தறியில் ஒரு நாளும் உட்காராதவன், நகைச்சுவைக் கட்டுரை எழுதி எழுதி வந்த மூலம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திருட்டுத்தனமாகத் துத்தி இலை பறித்து வதக்கினேன்.

போன வாரம் உன் தங்கை வாணலியைப் பார்த்துவிட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"எங்கண்ணன் தின்னது பத்தாதா? கெளம்புங்க."

"வண்டியில உக்காந்தா வலிக்கும்மா."

"நின்னுக்கினு வாங்க."

அதே டாக்டரம்மாதான். வெட்கத்தை மறைக்கப் புது ஸ்டென்ட் பற்றி அவருக்கே பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இன்னும் ஆராய்ச்சியிலதான் சார் இருக்குது. வர்றப்போ வரட்டும். நீங்க படுங்க" என்றார். படுத்தேன். உயிர் போகவில்லை, மானம் மட்டும் கொஞ்சம் போனது. வருகிற வியாழக்கிழமை குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள்.

பிறகு அவர் உன் தங்கை பக்கம் திரும்பினார். "கூடப்பொறந்த அண்ணனுக்கு வந்திருக்குது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னாலும் இந்த டெஸ்ட்ட எடுத்துப் பாத்துடணும்மா."

என்னை இழுத்துவந்த வீராங்கனை முந்தானையைத் திருகினாள். "எனக்கு இன்னா? நான் நல்லாத்தான் இருக்கறேன். அப்புறமா பாத்துக்கலாம்."

அப்படியே உன் குரல் மச்சான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை எனக்கு என்ன சொல்வார்களோ தெரியாது. எது சொன்னாலும் அடுத்த வாரம் அவளை டாக்டரம்மாவின் அதே கட்டிலுக்குக் கூட்டிப்போவேன். வண்டியில் ஏற மாட்டேன் என்றால் நடத்திக் கூட்டிப்போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்று சிரித்துவிட்ட,
உன் மாப்பிள்ளை