ரங்கனுக்கு வந்த மழைக்கோட்டு

உத்திரமேரூர்,
மாசி 9.

அன்புள்ள தம்பி பிரவீனுக்கு,

உன் அண்ணி பவளம் எழுதுகிறேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் முதலில் கேட்பேன். இப்போது எழுத்தில் கேட்கிறேன். இங்கே நானும் குழந்தை இளவரசியும் உங்க நைனாவும் இருக்கிறோம்.

உன் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தேன். பொங்கல் வரைக்கும் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. அதற்கப்புறம் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்கிறது. பணம் மட்டும் மாதாமாதம் வந்துவிடுகிறது, பேச்சு வருவதில்லை. போன வாரம் பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போய், உன்னோடு அங்கே படகில் வேலை செய்கிற ஸ்ரீகாந்தின் வீட்டில் இந்த முகவரியை எழுதி வாங்கி வந்தேன். தபால்தலை வாங்கப் போனபோது தபால் ஆபீசில் இருந்த பெண் அயர்லாந்துக்கா என்று இரண்டு தடவை கேட்டாள். போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.

இளவரசி மூன்றாவது படிக்கிறாள். உத்திரமேரூர் ஏரியில் இன்னும் பாதித் தண்ணீர் நிற்கிறது. கழனிகளில் நவரைப் பருவ நெல் நன்றாக இருக்கிறது, எனக்குக் களையெடுக்கும் வேலை வாரத்தில் நாலு நாள் கிடைக்கிறது. தொகுப்பு வீட்டின் கூரை பின்பக்கம் பெயர்ந்து விழுகிறது. அதைப் பற்றி இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

நீ ஏன் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்க அண்ணனின் காரியத்தன்று உங்க நைனா போனை வாங்கி உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒன் கோட்டுதான்டா எம்புள்ளைய முழுங்கிச்சு" என்றார். நான் அடுப்பண்டை சோறு வடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே ஓடி வந்து போனைப் பிடுங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய கோட்டு எப்படி இருக்கிறது என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருப்பாய். சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன் அண்ணி, உபயோகமா இருக்குதா இல்லையான்னு உண்மையைச் சொல்லுங்க என்பாய். நாங்களும் சூப்பர், சூப்பர் என்று சொல்லி வைத்துவிடுவோம். உண்மையை இப்போது சொல்கிறேன்.

ஸ்ரீகாந்த் அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்று நம் தெருவே வாசலில் நின்றது. மேலே ஆரஞ்சு நிறக் கோட்டு. கீழே மார்பு வரைக்கும் ஏறுகிற கால்சட்டை, தோளில் மாட்ட இரண்டு பட்டை, கணுக்காலில் இறுக்கிக் கட்ட நாடா. உங்க அண்ணன் மாட்டிக்கொண்டு நின்றதும், கூட வலை இழுக்கிற வீராசாமி ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். கழற்றிப் பார்த்தால் உள்ளே சட்டை காய்ந்திருந்தது. அத்தனை பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யூரியாச் சாக்கைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டே இருபது வருடம் அந்த ஏரியில் வலை இழுத்தவர் உங்க அண்ணன். அன்று ராத்திரி அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

ஐப்பசி மழையில் முதல் இரண்டு வாரம் அவர் காய்ந்த உடம்போடு வீடு திரும்பினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்க்காத காட்சி அது. வழக்கமாக உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டி வருவார், நான் சுடுதண்ணீர் வைத்து ஊற்றுவேன். அந்த இரண்டு வாரமும் வந்ததும் வராததுமாக மகளைத் தூக்கிக்கொண்டார். அதற்காக உன்னை நான் மனதில் கும்பிட்டிருக்கிறேன் தம்பி. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மேல்கோட்டைத்தான் அவர் தினமும் போட்டார். கால்சட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. வேகிறது, வேர்வையிலேயே நனைந்து போகிறேன் என்று அதை ஆணியில் மாட்டிவிட்டார். இது உனக்குத் தெரியாது. உன் மனது வருத்தப்படும் என்று உன்னிடம் சொல்லவேண்டாம் என்றார்.

கார்த்திகையில் அவருக்கு ஜுரம் வந்தது. ஏழு நாள் படுத்துக் கிடந்தார். எலி ஜுரமாக இருக்கும், கொஞ்ச நாளைக்கு அழுக்குத் தண்ணியில் காலே வைக்கக்கூடாது என்று கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எட்டாம் நாள் விடியலில் ஏரி மீனை ஏலம் எடுத்த ஏலக்காரர் தமிழ்வாணன் ஆள் அனுப்பினார். ராத்திரி பெய்த மழையில் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது, பக்கத்தில் கட்டியிருக்கும் வலையை உடனே எடுக்காவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும், ரங்கனும் வீராசாமியும் வரவேண்டும் என்று.

உங்க அண்ணன் மேல்கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் மறித்தேன். காலில் தண்ணி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "பேஜாரா கீது பவளம், அத்த மாட்டிக்கினு கால எடுத்து வெக்க முடில" என்றார். "ஏழு நாளு நாந்தான மூத்திரச் சட்டி எடுத்தேன். மாட்டிக்கினு போய்யா, இல்ல போவாத" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜுரத்தில் அவருக்குக் குனிய முடியவில்லை. நான்தான் கீழே உட்கார்ந்து கால்சட்டையை ஏற்றினேன். தோளில் பட்டைகளை மாட்டினேன். துளித் தண்ணீர் உள்ளே போய்விடக்கூடாது என்று கணுக்கால் நாடாவைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இதை வீராசாமி பார்க்கவில்லை, உங்க நைனாவுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றதை வீராசாமி சொன்னபடி எழுதுகிறேன். இரண்டு பேரும் தெர்மாகோல் மிதவையில் போயிருக்கிறார்கள். பாதி வலை வந்துவிட்டது. மீதி, தண்ணீருக்கடியில் இருந்த கருவேல மரத்தில் மாட்டிக்கொண்டது. எப்போதும் போல உங்க அண்ணன் இறங்கினார். இடுப்பளவுதான் இருந்ததாம். இரண்டடி நகர்ந்ததும் மண் சரிந்து கழுத்து வரைக்கும் போய்விட்டது. மார்புப் பக்கமாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது, கீழே வெளியேற வழி இல்லை. ஓடுகிற தண்ணீரில் கால்சட்டை சாக்கு மாதிரி உப்பிக்கொண்டு அவரைக் கலங்கல் பக்கம் இழுத்தது. வீராசாமி தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். "கால தூக்க முடிலடா வீரா" என்று ஒரு தபாதான் சொன்னாராம்.

வெறும் டவுசரோடு அந்த ஏரியை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்தினவர், உனக்கே தெரியும்.

மதியம் தூக்கி வந்தார்கள். கால்சட்டையை அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தார்கள். கோட்டின் உள்பையில் இருந்த பீடிக்கட்டு நனையவே இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

அந்தத் துணி கெட்ட துணி இல்லை பிரவீன். தண்ணீருக்கு மேலே நின்று வேலை செய்கிறவனுக்காகத் தைத்தது அது. தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்கு இல்லை. நீ படகின் மேல் நிற்கிறாய், உங்க அண்ணன் ஏரிக்குள் நின்றார். இந்த வித்தியாசம் உனக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஆனால் அவருக்குத் தோன்றியிருந்தது. அதனால்தான் ஆணியில் மாட்டினார். எடுத்து மாட்டிவிட்டது நான்.

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டவேண்டும் என்றால் திட்டு. அதற்காகவாவது போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அண்ணி,
பவளம்.


உத்திரமேரூர்,
சித்திரை 20.

அன்புத் தம்பி பிரவீனுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கடிதம் வழியில் தொலைந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் ஸ்ரீகாந்த் லீவில் வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். கடிதம் உன் கையில் கிடைத்தது, நீ படித்தாய், மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாய், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொன்னார்.

முதலில் இங்குள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தைப் போட்ட அன்றே உங்க நைனாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலைக்கண்ணி பின்னிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் கை நிற்கவில்லை. இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை, கடையில் பன்னும் டீயும் குடித்தார். மூன்றாம் நாள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து அவர் யாரையும் திட்டுவதில்லை. உன்னையும் இல்லை, என்னையும் இல்லை, ஏலக்காரரையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் இறந்த மாதத்திலிருந்து அவருடைய இடத்தில் அவர்தான் ஏரிக்குப் போகிறார். அறுபத்துமூன்று வயதில். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் பனியில் வெறும் உடம்பில் யூரியாச் சாக்கைச் சுற்றிக்கொண்டு போனார். மேல்கோட்டு இங்கேதான் தொங்குகிறது. அதையாவது போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. பங்குனியில் இருமல் பிடித்தது. காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சில் நிழல் தெரிகிறது, ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஏரிக்குப் போகிறார். ஏரியில் இப்போது முழங்கால் தண்ணீர்தான். ஆடி ஆவணி கழித்து மறுபடியும் மழை வருமே, அப்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

இனி உன் விஷயம். ஸ்ரீகாந்த் எங்களிடம் சொல்லத் தயங்கினார், நான் விடாமல் கேட்டேன். அண்ணன் போன சேதி வந்த அன்றே நீ உன்னுடைய கோட்டையும் கால்சட்டையையும் சுருட்டிக் கடலில் எறிந்துவிட்டாயாம். ஐந்து மாதமாக வெறும் ஸ்வெட்டரோடு நின்று வலை இழுக்கிறாயாம். படகுக்காரர் பழையது ஒன்று கொடுத்தும் நீ தொடவில்லையாம். கை வெடித்து ரத்தம் வருகிறது, வெந்நீரில் வைத்தால்கூட விரல் மடங்குவதில்லை, நிற்கும்போதே நடுங்குகிறாய் என்றார். கையுறைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்குமாம். அங்கே அந்தத் துணிக்கு மேல், தண்ணீரில் விழுந்தாலும் ஆளை மூழ்கவிடாத மிதவைச் சட்டை ஒன்றும் கட்டாயம் போடுவார்கள் என்றும் சொன்னார். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்று வாங்கியிருப்போமா என்று தெரியவில்லை. அதை நினைத்து நீ இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொள்ளாதே.

நீ எதற்காக நனைகிறாய் என்று எனக்குப் புரிகிறது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பாயில் படுக்கவில்லை. அதனால் யாரும் திரும்பி வரவில்லை. இளவரசிக்குத்தான் பயந்து பயந்து ராத்திரியில் படுக்கையை நனைக்கும் பழக்கம் வந்தது.

ஸ்ரீகாந்த் இதையெல்லாம் சொன்னபோது உங்க நைனா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்தக் கோட்டு அங்க இன்னா வெல?" என்று கேட்டார். ஸ்ரீகாந்த் சொன்னார். அவர் எழுந்து ஏரிப்பக்கம் போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார்.

இன்று நான் காகிதத்தை எடுத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் பங்குக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் இருமினார். பிறகு, "எனுக்கு ரெண்டு புள்ள. ஒண்ணாவது காஞ்சிக்கினு இருக்கட்டும்னு எழுது" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் வராது, உனக்கே தெரியும்.

விலை அதிகமான அந்தத் துணி வாங்கத் தகுந்ததா என்று நீ என்னிடம்தான் எப்போதும் கேட்பாய். அங்கே தகும் பிரவீன். உனக்குத் தகும். இந்த மாதம் எங்களுக்குப் பணம் அனுப்பாதே. ரேஷன் அரிசி இருக்கிறது, களை வேலை இல்லாவிட்டாலும் செங்கல் சூளையில் கூப்பிடுகிறார்கள். அந்தப் பணத்தில் உனக்கு ஒன்று வாங்கு. மிதவைச் சட்டையையும் சேர்த்து வாங்கு. எங்களிடம் பேச முடியாவிட்டால் பேசவேண்டாம், வரமுடியாவிட்டால் வரவேண்டாம், நான் கேட்கமாட்டேன். பணம் வராத மாதத்தை வைத்து நீ வாங்கிவிட்டாய் என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

அந்தக் கடலும் காற்றும் உன்னை விட்டுவைக்க வேண்டும் என்று கன்னிமாருக்கு வேண்டியிருக்கிறேன்.

நீ நனையாமல் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளும்,
உன் அண்ணி,
பவளம்.